துண்டும் தரவும்: மலையகத் தேயிலைத் தொழிற்சாலையின் கணினிப் பாதுகாப்புக் குறித்து ஒரு நோக்கு

கணினிப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டுமே உரிய விடயமாகக் கருதப்படுகிறது. ஆயின், உற்பத்தி நடைபெறும் இடத்தில் கணக்கேடு எவர் கையில் உள்ளது என்னும் வினா உற்பத்தி உறவுகளோடு பிணைந்ததாகும். உடப்புசல்லாவைப் பகுதியின் தேயிலைத் தொழிற்சாலை போன்ற சிறு உற்பத்தி நிலையங்களை மனங்கொண்டு அவ்வினாவை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையக வரலாற்றில் 'துண்டு' பெற்ற இடம் இங்கு நினைவுகூரத்தக்கது. குறித்த கடன் தீர்க்கப்பட்டால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்ட நிருவாகம் எழுதிக் கொடுத்த சிறு கடிதமே துண்டு. அக்கடனோடு சேர்ந்தே தொழிலாளரும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினர். எழுதப்பட்ட தொகை சரியானதா எனச் சோதிக்கும் வாய்ப்பு எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளிக்கு இருக்கவில்லை. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எனினும், ஏட்டை வைத்திருப்போர் கையிலேயே அதிகாரமும் இருக்கும் என்ற நிலை அதனோடு மறைந்துவிடவில்லை.

கொழுந்தின் நிறை, செக்ரோல், சேமலாப நிதிக் கழிவு, தொழிற்சாலையின் தூள் கணக்கு ஆகியன கணினியில் ஏறும்போது அவ்வேடு புதிய வடிவம் பெறுகிறது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமும் 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. எனவே, மலைச்சரிவிலுள்ள தொழிற்சாலையும் உலக வலையமைப்பின் ஓர் அங்கமாகிவிட்டது.

இதனால் விளையும் ஆபத்தை அண்மைக்கால நிகழ்வொன்று காட்டும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு கப்பம் கோரும் நச்சுநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன. பழைய மென்பொருள் பதிப்பு பயன்பாட்டில் இருந்தது. அக்காலத்துக்குரிய தனிப் பிரதி இருக்கவில்லை. ஓர் அரசுக்கே நேர்ந்த இக்கதி சிறு தொழிற்சாலைக்கு நேராது எனக் கூறவியலாது.

இதற்கான பரிகாரங்கள் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. தரவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு வேறிடத்தில் பேணப்படல் வேண்டும். பிரதியிலிருந்து தரவை மீட்டெடுத்து இடையிடையே சோதித்தல் அவசியம். மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பித்தல் வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், முன்னரே அறிந்த தொலைபேசி இலக்கத்தில் விசாரித்த பின்னரே பணம் அனுப்புதல் தகும். பறித்த கொழுந்து கணினி சீராகும்வரை காத்திராது. ஆகையால் கடதாசியில் நிறை பதியும் ஒழுங்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இரகசியம், பிழையின்மை, வேண்டியபோது கிடைத்தல் என மூன்று கூறுகள் தரவுப் பாதுகாப்புக்கு உண்டு. நிருவாகங்கள் முதலாவதையும் மூன்றாவதையும் பற்றியே கவலை கொள்ளும். தொழிலாளிக்கு உயிர்நாடியானது இரண்டாவதாகும். வெளியிலிருந்து வரும் கள்வன் மட்டும் ஏட்டைக் கெடுப்பதில்லை; அலுவலகத்தில் அனைவரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் ஒரு நாட்பெயர் அரைப்பெயரானதற்குப் பொறுப்பாளி எவரென அறிய இயலாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல், ஒவ்வொரு திருத்தத்துக்கும் அழிக்கவியலாத பதிவு, ஒவ்வொரு நிறுவைக்கும் தொழிலாளி கையில் ஒரு சீட்டு ஆகிய மூன்றும் இன்றியமையாதன. தூள் கணக்கும் இங்கு துணைபுரியும். ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும். மலையில் பதிந்த நிறையும் தொழிற்சாலைக்கு வந்த நிறையும் உற்பத்தியான தூளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிடின், ஏதோவோர் ஏடு பொய் பேசுகிறது என்பது தெளிவு.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் உள்ள உரிமையை எழுத்தில் வகுத்துள்ளது. உரிமை எழுத்தில் இருப்பது மட்டும் போதாது. அதனைக் கேட்டுப் பெறும் அறிவும் அமைப்புப் பலமும் தொழிலாளரிடம் வளர்தல் வேண்டும். கொழுந்து பறித்தவர் தம் பெயருக்கெதிரே உள்ள எண்ணை வாசித்துச் சரிபார்க்க முடியாதவரை, எத்தனை பூட்டுகள் இடப்பட்டாலும் அவ்வேட்டைப் பாதுகாப்பானது எனக் கூறுவதற்கில்லை.