கலை வழி ஒரு நாட்டை அறிதல்

உயர்கல்விக்காக அயல்நாடு செல்லும் மாணவர் அந்நாட்டின் உணவுக்கும் வானிலைக்கும் விரைவில் பழகிவிடுகிறார். மக்களோடு பழகுவதற்கோ நெடுங்காலம் பிடிக்கிறது. விடுதி, விரிவுரை மண்டபம், நூலகம் ஆகிய மூன்று இடங்களுக்குள்ளேயே படிப்புக் காலம் முழுவதையும் கழித்துவிடுவோரும் உளர். அவர்கள் பட்டத்தோடு திரும்பினாலும் தாம் வாழ்ந்த நாட்டை அறியாமலேயே திரும்புகின்றனர். மொழி முழுமையாகக் கைவராத நிலையிலும் மக்களோடு நெருங்க உதவுபவை அந்நாட்டின் இசையும் நடனமும் ஆகும்.

ஜொகூர் பாரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இஸ்கண்டார் புத்ரியில் உள்ள பல்கலைக்கழகக் கிளைகளிலும் பல நாட்டு மாணவர்கள் பயில்கின்றனர். அவர்கள் இங்குக் கண்டும் கேட்டும் பழகத்தக்க கலைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, ஸாப்பின் நடனம். இது யேமன் நாட்டின் ஹட்ராமாவ்ட் பகுதியிலிருந்து வந்த அரேபியர் வழியாக மலாய் உலகை அடைந்தது. தொடக்கத்தில் ஆடவர் மட்டுமே ஆடினர். பின்னர்ப் பெண்களும் ஆடலாயினர். கம்புஸ் எனும் நரம்புக் கருவி தனித்து ஒலிக்க ஆட்டம் தொடங்கும். மர்வாஸ் எனும் சிறிய கைமுரசுகள் சேர்ந்ததும் ஆடுவோர் வரிசையாக நின்று முன்னும் பின்னும் அடியெடுத்து வைப்பர். இந்நடனத்தில் தனியொருவரின் திறமையைவிட வரிசையின் ஒழுங்கே முதன்மை பெறுகிறது. ஆதலால், புதியவர் ஒருவர் தம் அருகில் ஆடுபவரின் பாதங்களைக் கவனித்தே கற்கத் தொடங்கலாம்.

இரண்டாவது, ஜொகூரின் கஸல் இசை. கம்புஸ், வயலின் ஆகியவற்றோடு இந்தியாவிலிருந்து வந்த ஆர்மோனியமும் தபேலாவும் இதில் ஒலிக்கின்றன. இந்திய மாணவர் ஒருவருக்குக் கருவிகளின் ஒலி பழக்கமானதாக இருக்கும். பாடலின் மொழியோ மலாய். கஸலில் பந்துன் பாடப்படுவதுண்டு. நான்கடிப் பந்துனில் முதல் இரண்டு அடிகள் பெரும்பாலும் இயற்கைக் காட்சி ஒன்றைச் சுட்டும். பின்னிரண்டு அடிகள் கருத்தைச் சொல்லும். இவ்வமைப்பை அறிந்தவர், மூன்றாம் அடிக்காக அவையினர் ஏன் ஆவலோடு காத்திருக்கின்றனர் என்பதைப் புரிந்துகொள்வார்.

மூன்றாவது, 24 பருவ முரசு. இது 1988ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவிலேயே பிறந்தது. தான் சாய் புவானும் இசை ஆசிரியர் தான் ஹூய் சோங்கும் இதனை உருவாக்கினர். சீன நாட்காட்டி ஓராண்டை 24 பருவங்களாகப் பகுக்கிறது. ஒவ்வொரு முரசிலும் ஒரு பருவத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பள்ளி மாணவர்களிடையே வளர்ந்த இக்கலை, 2009இல் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஸாப்பினின் வேர் அரேபியாவில் உள்ளது. கஸலின் கருவிகளுள் சில இந்தியாவைச் சார்ந்தவை. முரசுக் கலையின் மரபு சீனாவைச் சார்ந்தது. கடல் கடந்து வந்தவை இம்மண்ணில் தங்கிப் பழகி, இம்மண்ணின் கலைகளாகவே மாறின. அயல்நாட்டு மாணவரின் நிலையும் இதனை ஒத்ததே.

எனினும், கலையை அணுகுவதற்கும் ஒரு பண்பு தேவை. சில நிகழ்ச்சிகள் வழிபாட்டோடும் திருமணத்தோடும் தொடர்புடையவை. அங்கே படம் பிடிப்பதற்கு முன் அனுமதி கேட்பது முறை. கைப்பேசியில் பதிவுசெய்துவிட்டு நகர்ந்துவிடாமல், நிகழ்ச்சி முடிந்தபின் கலைஞரிடம் ஒரு கேள்வி கேட்டால் உரையாடல் தொடங்கும். பல்கலைக்கழகக் கலைக்குழுவில் சேர்ந்து வாரந்தோறும் பயிற்சி பெற்றால் நட்பு வளரும். தாம் அறிந்த கும்மியையோ கோலாட்டத்தையோ அவர்களுக்குக் கற்பித்தால் அந்நட்பு இருவழிப் பாதையாகும்.

நம் நாட்டவரான ரம்லி இப்ராகிம் ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். பாலே நடனத்திலும் தேர்ந்து, சிட்னி நடனக் குழுவில் ஆடினார். பின்னர் இந்தியாவில் பரதநாட்டியமும் ஒடிசியும் கற்றார்; 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை நிறுவினார்.

எல்லா மாணவரும் கலைஞராக வேண்டியதில்லை. ஆயினும், நாளை நீங்கள் சென்னையிலோ இலண்டனிலோ ஜகார்த்தாவிலோ பயில நேர்ந்தால், அங்குள்ள மக்கள் எதைப் பாடுகின்றனர், எப்பொழுது ஆடுகின்றனர் என்பதை அறிய முற்படுங்கள். அந்நாடு உங்களுக்கு அயல்நாடாகத் தோன்றுவது குறையத் தொடங்கும்.