கழுத்து நீண்ட கண்ணாடிப் பாட்டில்



சுந்தரர் பிறந்த திருநாவலூர் பக்கத்துக் கிராமங்களுக்குக் காகித வேலை தூரமில்லை. கிழக்கே பண்ருட்டியில் காகிதக்கூழில் கொலு பொம்மை வார்க்கிறார்கள். புதுச்சேரி திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதன் எளிய தம்பிதான் கண்ணாடிப் பாட்டிலில் காகிதம் ஒட்டும் அலங்காரம். ஒட்டும் உத்தி பழையதுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத் தச்சர்கள், விலை உயர்ந்த சீன அரக்கு வேலைக்கு மாற்றாக, அச்சிட்ட படங்களை வெட்டி மரச்சாமானில் ஒட்டி வார்னிஷ் பூசினார்கள். ஏழையின் அரக்கு என்று அதற்குப் பெயர்.

தேன், ஸ்குவாஷ் பாட்டில் எதுவானாலும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் லேபிள் உரிந்துவிடும். மிச்சப் பிசுக்குக்குத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் காகிதம் நிற்காது.

கண்ணாடி ஈரத்தை உறிஞ்சாது. அதனால் தடித்த காலண்டர் அட்டை வேண்டாம். செய்தித்தாள், டிஷ்யூ போதும். கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் படிந்து உட்காரும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினால் சுருக்கம் விழாது. காய்ந்ததும் பசை தெரியாது. மைதாப் பசையும் ஒட்டும்தான், ஆனால் கரப்பானுக்கு அது விருந்து. மயில்துத்தம் கலக்கலாம் என்பார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். உள்ளே தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைக்கலாம். காகிதம் வெளிச்சத்தை மறைப்பதால் பாசியும் குறைவாகவே பிடிக்கும்.

டாஸ்மாக் பாட்டில் என்றால் யோசியுங்கள். 2022இல் நீலகிரியில் தொடங்கிய திட்டப்படி, அதைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய்!