ஒரு தரம்... ரெண்டு தரம்...

"நீ பி.காம்.தானே? உடனே கிளம்பி வா!" என்று போன் செய்தான் நண்பன்.

பி.காம். படித்தவனுக்கு இந்த உலகம் தருகிற மரியாதை அவ்வளவுதான். யாருக்காவது இன்கம்டாக்ஸ் கடிதம் வந்தாலும் சரி, கோயில் வரவு-செலவில் நாலு ரூபாய் இடித்தாலும் சரி, ஆள் அனுப்பிவிடுவார்கள். "நான் இப்போ பத்திரிகையில எழுதறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "அது கிடக்கட்டும், இந்தக் கூட்டலைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள்.

போனேன். இளையாத்தங்குடி. கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஊர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இங்கே இருக்கிறது. கைலாசநாதரையும் நித்யகல்யாணியையும் கும்பிட்டுவிட்டு நண்பனின் வீட்டுக்குப் போனால், முகப்பில் ஒரு மினி லாரி நின்றுகொண்டிருந்தது.

கல்யாணம் காட்சி எதுவுமில்லை. சாமான்களை விற்கிறார்கள்!

வீட்டுக்கு ஆறு பங்காளிகள். ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் சிங்கப்பூர், மற்றவர்கள் சென்னை. பூட்டி வைத்தால் கறையான், திறந்து வைத்தால் திருடன். ஓட்டை மாற்றவே லட்சக்கணக்கில் செலவு. அதனால், "சாமானை வித்து ஓட்டைப் போடுவோம்" என்று தீர்மானம். யாரையும் குறை சொல்ல முடியாது. அரண்மனை மாதிரி வீடு என்று நாம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். பெருக்குகிறவர்களுக்குத்தானே அதன் அளவு தெரியும்!

வளவு முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். பித்தளை அண்டா, மரவை, கொட்டான், ரவிவர்மா படம், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா என்று அடியில் முத்திரை குத்திய எனாமல் மங்குச் சாமான்கள். வியாபாரி ஒரு சுற்று வந்தார். எதையும் கையில் எடுக்கவில்லை.

"மொத்தமா ஒண்ணு முப்பது. ஒண்ணொண்ணாப் பார்த்தா பொழுது சாஞ்சிரும் சார்."

ஒரு லட்சத்து முப்பதாயிரம்! நான் கல்லூரியில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பெயர் தேய்மானம். ஒரு நாற்காலி வாங்கினால் வருஷத்துக்குப் பத்து சதவிகிதம் கழிக்க வேண்டும். பத்தாவது வருஷம் நாற்காலியின் மதிப்பு பூஜ்யம். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த வளவில் இருந்தது அத்தனையும் பூஜ்யம்தான், உட்கார்ந்திருந்த எண்பத்தாறு வயது அப்பத்தா உட்பட!

ஆனால் ஏலக்கூடத்தில் இந்தப் பாடம் தலைகீழ். அங்கே விலையை வைப்பது பொருளின் வயது அல்ல. அதை விரும்புகிற ரெண்டாவது ஆள்! ஒரே ஒருவர் விரும்பினால் கேட்ட விலைக்குப் போய்விடும். ரெண்டு பேர் வீம்பாக நின்றால்தான் ஏறும். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில், 2024 பங்குனி உத்திரத்தின்போது வேலில் குத்தியிருந்த ஒன்பது எலுமிச்சம்பழங்கள் ரெண்டு லட்சத்துக்கு மேல் ஏலம் போயின. சந்தையில் அதே பழம் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த ரெண்டாவது ஆள் வராவிட்டால்? ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் என்று ஒரு அமெரிக்கச் செருப்பு வடிவமைப்பாளர். பிரிட்டிஷ் கயானா 1856-ல் வெளியிட்ட ஒரு சென்ட் தபால்தலையை 2014-ல் சுமார் 95 லட்சம் டாலருக்கு வாங்கினார். உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது. 2021 ஜூனில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் விற்றார். போனது 83 லட்சம். நஷ்டம்! ஆனால் அதே நாளில் அவருடைய 1933-ம் வருஷத்து அமெரிக்கத் தங்க நாணயம் ஒன்றும் ஏலத்துக்கு வந்தது. 2002-ல் சுமார் 76 லட்சத்துக்கு வாங்கியது, 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கூடம். ஒன்றில் சறுக்கல், ஒன்றில் கொள்ளை லாபம்!

சரி, ரெண்டாவது ஆளை வரவழைப்பது எது? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஓர் ஏல நிறுவனத்தின் தபால் பெட்டியில் யாரோ ஒரு கவரைச் செருகிவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு பழைய மூக்குக் கண்ணாடி. தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த உறவினருக்கு மகாத்மா காந்தி கொடுத்தது என்று குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். விசாரித்துப் பார்த்ததில், காலமும் இடமும் பொருந்தி வந்தது. பதினைந்தாயிரம் பவுன் வரை போகலாம் என்று நினைத்தார்கள். போனது 2,60,000 பவுன்! கண்ணாடியில் தங்கமுலாம் இருந்தது உண்மை. ஆனால் விலை தங்கத்துக்கா? கதைக்கு!

"சரிடா, உங்க சாமான்களோட கதை எங்கே?" என்றேன் நண்பனிடம்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நகரத்தார் வீட்டில் கணக்கெழுதாமல் ஒரு கரண்டிகூட உள்ளே வந்ததில்லை. கல்யாணத்துக்கு என்ன சாமான் வந்தது, யார் கொடுத்தது, ரங்கூனிலிருந்து எந்த வருஷம் பெட்டி வந்தது என்று எல்லாம் பேரேட்டில் இருக்கும். அந்தப் பேரேடுகள்?

"போன வாரம்தான்டா... செல்லரிச்சுக் கிடந்துச்சுன்னு... பழைய பேப்பர்காரர்கிட்ட..."

நாற்பத்தேழு கிலோ! கிலோ இவ்வளவு என்று தராசில் நிறுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் மிக மலிவாகப் போன சரக்கு அதுதான்.

இங்கிருந்து காரைக்குடி வழியாகப் போனால் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் பழைய பேப்பர் என்று எடைக்குப் போட்டதையெல்லாம் இவர் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடவில்லை. 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம்! நல்லவேளையாக அது கப்பலேறவில்லை. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆகிவிட்டது.

ஒரு காகிதம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சாட்சி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். கோயிலிலிருந்து திருடி, பொய்க் காகிதம் தயார் செய்து, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அந்தப் பொய்யை உடைத்தது ஒரு போட்டோ. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-லேயே கோயிலில் வைத்து எடுத்த படம். 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். சாமிக்கே போட்டோ இருந்தால்தான் வீடு திரும்ப முடிகிறது. நம் வீட்டு அண்டாவுக்கு வேண்டாமா?

அதனால், வீட்டைக் காலி செய்யப் போகிறவர்களுக்கு இந்த பி.காம்.காரனின் ஆலோசனை இதுதான். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் போட்டு, போட்டோ எடுத்து, யார் கொண்டுவந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அடியிலுள்ள முத்திரையைத் தேய்த்து மினுக்காதீர்கள். பேரேட்டை எடைக்குப் போடாதீர்கள். முதலில் வருகிறவரிடம் மொத்தமாகத் தள்ளாதீர்கள், ரெண்டு பேரையாவது கேளுங்கள். சட்டமும் இருக்கிறது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சரித்திர முக்கியத்துவமுள்ள ஏடுகளுக்கு எழுபத்தைந்து வருஷமே போதும். தொல்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும். பழஞ்சிலை, ஓவியம் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

வியாபாரி என்னை முறைத்தார். "எங்களைத் திருடன் மாதிரி பேசறீங்களே சார். நாங்க வாங்கலேன்னா இதெல்லாம் மழையில நனைஞ்சு போயிருக்கும். முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து பாருங்க, நாங்க எப்படித் தொடைச்சு வெச்சிருக்கோம்னு." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காரைக்குடியின் அந்தத் தெருவில் இல்லாவிட்டால் பல சாமான்கள் எங்குமே இருந்திருக்காது.

கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். "முதல்ல பங்காளிகளுக்குள்ளேயே ஏலம் விடுங்க. மிச்சத்தை ஒண்ணொண்ணா இவருக்கு விலை பேசுங்க." பிள்ளையார் நோன்பன்று உப்பைக்கூட ஏலம் விட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதா! சட்டென்று களைகட்டிவிட்டது.

முதலில் வந்தது, அட்டைப் பெட்டியோடு ஒரு தகர ரயில். சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி. வியாபாரி இருநூறு ரூபாய் என்று ஒதுக்கியிருந்தார். அறுபது வயது தாண்டிய ரெண்டு பேர், சின்ன வயசில் அதற்காக அடித்துக்கொண்டவர்களாம், மறுபடியும் ஆரம்பித்தார்கள். ஐந்நூறு, ஆயிரம், நாலாயிரம்... "பெட்டியோட இருக்கா?" என்று நடுவில் வியாபாரியே புகுந்துவிட்டார்! ஒன்பதாயிரத்தில் முடிந்தது. ஜெயித்தவர் உடனே தரையில் உட்கார்ந்து சாவி கொடுத்தார். ஓடவில்லை. அதனாலென்ன?

அடுத்து ஒரு நீல மங்குத் தூக்கு. மூன்றடுக்கு. அதுவரை வாயே திறக்காத அப்பத்தா கையைத் தூக்கினார்கள்.

"எங்க ஆத்தா கல்யாணத்துக்கு ரங்கூன்லேருந்து வந்தது. எங்க ஐயாவுக்கு கடைக்கு இதுலதான் சோறு போகும். ஒத்த ரூவா."

"ஒரு தரம்" என்றான் நண்பன்.

யாரும் பேசவில்லை. ரயில்காரர் கீழே குனிந்துகொண்டார்.

"ரெண்டு தரம்..."

வியாபாரியைப் பார்த்தேன். அந்த நீலத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா! லாரி நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மூணு தரம்!"

மிச்ச சாமான்களை ஒவ்வொன்றாக விலை பேசியதில் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது. ஓடு மாற்றத் தொடங்கலாம். போன நாற்பத்தேழு கிலோ போனதுதான், அதை எந்தக் கணக்கிலும் வரவு வைக்க முடியாது. ஆனால் அப்பத்தா சொல்லச் சொல்ல ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எழுதினோம். இருநூற்றுப் பன்னிரண்டு அயிட்டம். கடைசி வரியை நானே போட்டேன்.

'நீல மங்குத் தூக்கு, மூன்றடுக்கு. ரூ. 1. தேய்மானம் இல்லை.'