மூச்சை ஆளும் முகுளம்

காஞ்சி மாநகரில் சர்வதீர்த்தம் முதலிய திருக்குளங்களில் மூழ்கி நீராடும் அன்பர் மூச்சை அடக்குவது சில நொடிகளே. அதற்குள் நெஞ்சு தவிக்கின்றது. காற்றுக் குறைவே காரணம் எனப் பலரும் கருதுவர். உண்மையில், குருதியில் கரியமில வாயு மிகுவதே முதற்காரணம். மூளையின் அடியில், தண்டுவடத்தோடு சேருமிடத்தில் அமைந்த முகுளம் அம்மிகுதியை உணர்ந்து, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள உதரவிதானம் என்னும் தசைத்திரைக்கு நரம்பு வழியே ஆணை விடுக்கின்றது. உறக்கத்திலும் ஓயாது, நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சை இயக்குவதும் இதுவே.

இதயத் துடிப்பை நினைத்தவுடன் நிறுத்த இயலாது. மூச்சையோ பெருமூளை சிறிது நேரம் தன்வயப்படுத்தும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பிராணாயாமத்தை வகுத்துரைக்க இடந்தந்தது இவ்வியல்பே எனலாம். ஆயினும் கரியமில வாயு மிக்கவிடத்து முகுளமே வெல்லும்.

இளைஞர் சிலர் நெடுநேரம் மூழ்கியிருக்க விரும்பி, முன்னதாகப் பலமுறை வேகமாக மூச்சு வாங்குவர். இது பெருங்கேடு. கரியமில வாயு குறைந்துவிடுவதால் முகுளத்தின் எச்சரிக்கை தாமதமாகும். அதற்குள் பிராணவாயு மிகக் குறைந்து, தவிப்பே தோன்றாமல் நீருக்குள் மயக்கம் வந்துவிடும். நீராடுவோர் ஒவ்வொரு முழுக்கிற்கும் இடையே இயல்பாக மூச்சுவிட்டு மூழ்குதல் வேண்டும்.