ரெசோ: அளவைக்கு உதவும் வலை

சிறு படமொன்றைப் பெரிதாக வரைய முயலும் மாணவன் முதலில் என்ன செய்கிறான்? படத்தின்மீது சதுரக் கட்டங்களைக் கீறுகிறான். அக்கோடுகள் படத்துக்கு உரியன அல்ல; ஆயினும், கண் எங்கே, காது எங்கே என்பதை அவையே அவனுக்குக் காட்டுகின்றன. இத்தகைய கட்டவலையை அறிவியலாளர் 'ரெசோ' என்னும் பிரெஞ்சுச் சொல்லால் வழங்குவர். வலை என்பதே அதன் பொருள்.

1887ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் கூடிய வானியலறிஞர், வானம் முழுவதையும் ஒளிப்படமாக்கத் தீர்மானித்தனர். பல நாடுகளின் வானாய்வு நிலையங்கள் அப்பணியைப் பங்கிட்டுக்கொண்டன. ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. ஒளிப்படத் தகட்டின் மேலுள்ள மென்பூச்சு, நனைந்து உலரும்போது சற்றே இடம்பெயரக்கூடும். அவ்வாறாயின் விண்மீனின் இடமும் பிறழுமன்றோ?

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் எளியது. வெள்ளி பூசிய கண்ணாடியில் 5 மில்லிமீற்றர் இடைவெளியில் நுண்கோடுகளைக் கீறினர். அதனூடாக ஒளியைச் செலுத்தி, விண்மீன்கள் பதியும் அதே தகட்டிற் கட்டங்களையும் பதித்தனர். பூச்சு அசைந்தால், மீனும் கோடும் சேர்ந்தே அசையும். எனவே அருகிலுள்ள கோட்டிலிருந்து அளந்தால் பிழை பெரிதும் நீங்கும்.

வானப்படம் முற்றுப்பெறவில்லை. ஆனால் அத்தகடுகளில் அளந்த இடங்களின் அட்டவணை வீண்போகவில்லை. 1989இல் ஏவப்பட்ட இப்பார்க்கசு என்னும் செயற்கைக்கோளின் அளவைகளோடு அதனையும் பிற பழைய அட்டவணைகளையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 25 இலட்சம் விண்மீன்களின் நகர்வை 2000ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். நூறாண்டுக்கு முன் இட்ட கோடு பேரருக்கும் பயன்பட்டது!

1969இல் சந்திரனில் இறங்கியோர் கொண்டுசென்ற ஒளிப்படக் கருவியிலும், படச்சுருளின் முன்னே 25 சிறு சிலுவைக் குறிகள் பொறித்த கண்ணாடி இருந்தது. அப்படங்களிற் காணும் குறிகள் அவையே.

வானிலையியலில் இச்சொல்லுக்குச் சற்று வேறான பொருள் உண்டு. அங்கே வலையின் முடிச்சுகள் அவதான நிலையங்களாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகைப் பத்துப் பாகைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு இரு நிலையங்களைத் தெரிந்து, வெப்பமும் மழையும் தொகுக்க முயன்றனர். அதனை 'உலக ரெசோ' என்றனர். நிலத்து நிலையங்களையே நம்பியமையால், பெருங்கடல்களின்மேல் அவ்வலை அகன்ற ஓட்டைகளுடன் கிடந்தது.

நேயர்களே, வலையின் பெருமை அது பிடிப்பதில் மட்டுமன்று. எது பிறழ்ந்தது, எது விடுபட்டது என்பதைக் காட்டுவதிலும் உள்ளது. தன் கருவியும் தவறக்கூடும் என ஒப்புக்கொள்பவனே நம்பத்தக்க அளவையைத் தருகிறான்.