சிறிய டர்போ எஞ்ஜினின் வலுவைக் கூட்டுவது பயன் தருமா?

எமது நாட்டில் மோட்டார் கார்களுக்கான உற்பத்தி வரி நீண்ட காலமாக எஞ்ஜினின் கனவளவைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டே அறவிடப்பட்டு வருகின்றது. இதனால் 1000 சீ.சீ.க்கு உட்பட்ட கார்களே நடுத்தர வர்க்கத்தினரின் முதற் தெரிவாகிவிட்டன. வாகன உற்பத்தியாளரும் சிறிய எஞ்ஜினுடன் டர்போவை இணைத்து, பெரிய எஞ்ஜினின் வலுவை அதிலிருந்து பெற்றுத் தருகின்றனர். 988 சீ.சீ. கொண்ட ஹொண்டா சிவிக், 996 சீ.சீ. கொண்ட டொயோட்டா ரைஸ், 658 சீ.சீ. கொண்ட சுசுகி டர்போ வாகனங்கள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரையிலான காலி வீதியில் இவற்றைக் காணாத நாளில்லை.

இவ்வாகனங்களின் உரிமையாளர் பலரை இன்று ஈர்த்து வருவது 'டியூனிங்' எனப்படும் வலுக்கூட்டல் முறையாகும். எஞ்ஜினைக் கழற்றாமல், அதன் கணினியிலுள்ள கட்டளைகளை மாற்றுவதன் மூலமோ காற்றமுக்க உணரியை ஏமாற்றும் சிறு பெட்டியொன்றைப் பொருத்துவதன் மூலமோ வலுவை அதிகரிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்குச் செலவிடும் பணத்துக்கு ஏற்ற பயன் கிட்டுமா என்பதே ஆராயப்பட வேண்டிய கேள்வியாகும்.

டர்போ இயங்கும் விதத்தை அறிந்தால் இக்கேள்விக்கு விடை காண்பது எளிது. புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறும் சூடான வாயு ஒரு சுழலியைச் சுழற்றுகின்றது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கும் மேலாகச் சுழலக்கூடிய அச்சுழலி, மறுமுனையிலுள்ள விசிறியின் மூலம் வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்துகின்றது. காற்று கூடினால் அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டலாம். பெற்றோல் கூடினால் வலுவும் கூடும். டர்போ இல்லாத எஞ்ஜினில் கணினியை மாற்றுவதால் கிடைப்பது சொற்பமே. டர்போ எஞ்ஜினிலோ காற்றமுக்கத்தைச் சற்று உயர்த்தினாலே வேறுபாட்டை உணர முடியும். டியூனிங் செய்வோரின் விளம்பரங்களில் உள்ள உண்மை இவ்வளவே.

அவர்கள் சொல்லாமல் விடுவது வெப்பத்தைப் பற்றியதாகும். காற்றை அமுக்கும்போது அது சூடேறும். சூடேறிய கலவை, ஸ்பார்க் பிளக் தீப்பொறியை மூட்டியதன் பின்னர் ஒழுங்காக எரிந்து முடிவதற்கு முன்னரே ஒரு பகுதியில் தானாக வெடித்துவிடலாம். 'நொக்கிங்' எனப்படும் இத்தட்டலே பிஸ்டனை உடைக்கும் முதல் எதிரி. இதனைத் தாங்கும் ஆற்றலையே பெற்றோலின் ஒக்டேன் இலக்கம் குறிக்கின்றது.

இந்த உண்மையை இரத்மலானை விமானத்தளம் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அவற்றை எதிர்க்க இங்கிருந்து மேலெழுந்த ஹரிக்கேன் போர் விமானங்களில் மேர்லின் எஞ்ஜின்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றிலும் காற்றை அமுக்கிச் செலுத்தும் பொறி இருந்தது. அதனை இயக்கியது புகைவாயு அல்ல, எஞ்ஜினே. 1940இல் பிரித்தானிய வான்படை 100 ஒக்டேன் எரிபொருளுக்கு மாறியதன் பின்னரே அவ்வகை எஞ்ஜின்களின் அமுக்கத்தை ஏறத்தாழ 6 இறாத்தலிலிருந்து 12 இறாத்தலாக உயர்த்த முடிந்தது. அப்போதும் உயர் அமுக்கம் அவசர வேளைக்கு மட்டுமே உரியது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் அதனைப் பயன்படுத்தலாகாது. பயன்படுத்திய விமானி அதனை எஞ்ஜின் பதிவேட்டில் குறிப்பிடவும் வேண்டும். உயிர் போகும் போர்க்களத்திலேயே இத்தனை கட்டுப்பாடு இருந்ததென்றால், அன்றாடம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் காருக்கு எவ்வளவு அவதானம் தேவை?

எமது எரிபொருள் நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 92, 95 ஒக்டேன் பெற்றோல் வகைகளாகும். ஜப்பானின் சாதாரண பெற்றோல் சுமார் 90 ஒக்டேன் என்பதால், அந்நாட்டுச் சந்தைக்கென அமைக்கப்பட்ட சிறு கார்களுக்கு 92 போதுமானது. ஐரோப்பாவில் சாதாரண பெற்றோலே 95. ஆகவே பிரித்தானியாவில் தயாரான சிவிக் போன்ற கார்களுக்கு 95 தேவைப்படுகின்றது. டியூனிங் செய்த பின்னரோ 95 எவ்வகைக் காருக்கும் இன்றியமையாததாகிவிடும். 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 ஒக்டேன் 550 ரூபாவுக்கும் விற்கப்பட்டதையும், நாட்கணக்கில் வரிசையில் நின்று கிடைத்ததை நிரப்பிக் கொண்டதையும் எவரும் மறந்திருக்க முடியாது. உயர்தர எரிபொருளை மட்டுமே நம்பியிருக்கும் எஞ்ஜின் அத்தகைய காலத்தில் உரிமையாளருக்குப் பெருஞ் சுமையே.

அடுத்தது கியர்பொக்ஸ். சிவிக் 1.0 காரின் சாதாரண கியர் வகைக்கு 200 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை வழங்கிய ஹொண்டா நிறுவனம், பெல்ட்டினால் இயங்கும் சீ.வீ.ரீ. வகைக்கு அதே எஞ்ஜினிலிருந்து 180 நியூட்டன் மீற்றரையே வழங்கியது. தயாரித்தவரே குறைத்து வழங்கிய இடத்தில் மற்றவர் கூட்ட முனைவது அறிவுடைமை ஆகாது. சுசுகியின் 660 சீ.சீ. வகை வாகனங்களில் நிலைமை சற்று வேறுபட்டது. ஜப்பானிய உற்பத்தியாளர் தமக்குள் செய்துகொண்ட இணக்கத்தின்படி அவற்றின் வலு 64 குதிரைவலுவுடன் நிறுத்தப்பட்டுள்ளது. எனவே எஞ்ஜினில் மீதி இடம் இருப்பதாகக் கூறுவது முற்றிலும் பொய்யல்ல. ஆனால் பல கைகள் மாறிய, ஒயில் மாற்றிய வரலாறே தெரியாத வாகனத்தில் அந்த மீதி எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை எவர் அறிவார்?

எரிபொருள் மிச்சமாகும் என்ற வாக்குறுதியும் அவதானத்துடன் நோக்கப்பட வேண்டியது. மெதுவாகச் செலுத்தும்போது தொழிற்சாலைக் கணினியே கலவையைச் சரியான அளவில் வைத்திருக்கின்றது. கூட்டிய வலுவைப் பயன்படுத்தினாலோ பெற்றோல் கூடவே செலவாகும். நகரில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள் அந்த வலுவுக்கு வேலையும் இல்லை. மலையகம் செல்வோருக்கு வலு தேவைதானே எனச் சிலர் கேட்கலாம். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே. அக்குறையை ஈடுசெய்வதே டர்போவின் இயல்பான தொழில் என்பதால் அங்கும் டியூனிங் அவசியமற்றது.

காப்புறுதி பற்றியும் சிந்திக்க வேண்டும். அது முழு நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்த ஒப்பந்தம். எஞ்ஜினில் செய்த மாற்றத்தை மறைத்தால், விபத்தின் பின்னர் இழப்பீடு கேள்விக்குள்ளாகலாம்.

பந்தயத் திடலில் ஓடுவதற்கென்றே ஒரு காரை வைத்திருப்பவர், உரிய எரிபொருளும் அளவைக் கருவிகளும் தேர்ந்த வல்லுநரும் கிடைத்தால் டியூனிங் செய்துகொள்ளட்டும். ஏனையோர் அதே பணத்தைப் பராமரிப்புக்குச் செலவிடுவதே சாலச் சிறந்தது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் தெளிக்கும் சிறு டர்போ எஞ்ஜின்களில் குறைந்த வேகத்தில் ஏற்படும் முன்கூட்டிய எரிதலைத் தடுக்கவென 2020இல் ஏ.பீ.ஐ. எஸ்.பீ. என்ற ஒயில் தரம் அறிமுகமானது. கைநூல் அனுமதிக்குமாயின் அத்தரத்திலான ஒயிலையே பாவிக்க வேண்டும். அதனை உரிய காலத்துக்கு முன்னரே மாற்றுவது மேலும் நன்று. காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், குளிரூட்டும் நீர்மம் ஆகியவற்றைக் கவனித்தாலே இழந்த வலுவில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருக்கும் வாகனத்தின் அருமையை எமக்கு உணர்த்தின. பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்ஜினொன்றைத் தேடி அலைந்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். குடும்பத்தின் பல்லாண்டு சேமிப்பினால், பலருக்கு லீசிங் கடனினால், வாங்கிய வாகனம் நீண்ட காலம் ஓடுவதே அதன் உண்மையான வலுவாகும்.