நான்கு மாணாக்கரும் ஒரு சேவலும்

“பணமில்லை, ஆளில்லை, அவகாசமில்லை, ஆகவே வேலை நடைபெறவில்லை” என்னும் சமாதானத்தைச் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் அடிக்கடி கேட்கிறோம். இம்மூன்றும் குறைந்த நிலையில் மாணாக்கர் நால்வர் ஆக்கிய ஒரு குறும்படத்தின் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

புனே நகரில் 1960-இல் தொடங்கப்பெற்ற திரைப்படப் பயிற்சி நிலையத்தில் தொலைக்காட்சிப் பிரிவும் உண்டு. அப்பிரிவின் ஓராண்டுப் பயிற்சி முடிவில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகிய துறைகளின் மாணாக்கர் ஒன்றுசேர்ந்து ஒரு படம் ஆக்குவர். அவ்வாறு பிறந்ததே “சூரியகாந்திப் பூக்களே முதலில் அறிந்தன” என்று பொருள்படும் பெயருடைய கன்னடப் படம். மைசூரில் மருத்துவம் பயின்று பின்னர் இக்கலைக்கு வந்த சிதானந்த நாயக் இதனை இயக்கினார். சூரஜ் தாகூர் ஒளிப்பதிவையும், மனோஜ் படத்தொகுப்பையும், அபிஷேக் கதம் ஒலியையும் ஏற்றனர்.

முதல் முடிவு கதையைப் பற்றியது. இளமையில் தாம் கேட்டு வளர்ந்த கர்நாடக நாட்டுக்கதையையே நாயக் தேர்ந்தார். மூதாட்டி ஒருத்தி ஊர்ச் சேவலைத் திருடிச் செல்கிறாள்; கூவுவாரின்றி ஊருக்கு விடியலே இல்லாமற் போகிறது; அவள் குடும்பத்தை ஊரார் வெளியேற்றுகின்றனர். இதனைப் படமாக்க வேண்டாமென்று தமக்குச் சொல்லப்பட்டதாக நாயக் பின்னர் கூறியுள்ளார். எனினும் அவர் கதையை மாற்றவில்லை.

இரண்டாவது முடிவு கதையிலிருந்தே எழுந்தது. விடியாத ஊரைக் காட்ட இரவிலேதான் படம் பிடித்தல் வேண்டும். கிடைத்ததோ நான்கு நாட்கள். இருள் தொல்லையே, ஆயினும் அதில் ஒரு வசதியும் உண்டு. பகலில் கண்ணுக்குப் படுவன அனைத்தையும் ஒழுங்குசெய்தாக வேண்டும். இரவிலோ விளக்கு விழும் இடத்தைச் செம்மைசெய்தாற் போதும். குறையாகத் தோன்றிய இருளே இவ்வாறு படத்தின் உயிராயிற்று.

மூன்றாவதாக, நால்வரின் கைத்திறனும் ஒரே துணியின் பாவும் ஊடையும் போல் இணைய வேண்டியிருந்தது. பாவு தளர்ந்தால் ஊடை எத்துணை நன்றாயினும் துணி சீராகாது. சேவல் கூவாத ஊரின் அமைதியைக் காதுக்கு உணர்த்துவது ஒலிப்பதிவாளரின் பொறுப்பு. எக்காட்சி எவ்வளவு நேரம் நிற்பது என்பது தொகுப்பாளரின் பொறுப்பு.

முடிவில் படம் 16 நிமிடங்களாக அமைந்தது. 2024-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவுக்கு 555 பள்ளிகளிலிருந்து 2,263 படங்கள் வந்தன. அவற்றுள் தேர்வான 18 படங்களில் முதற்பரிசு இதற்கே கிடைத்தது.

பரிசு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. ஆனால் அந்நால்வர் தமக்குள் எழுப்பிய வினா நமக்கும் உரியது. நூல் வரவு குறைந்த மாதத்தில் எந்த ரகத்தை நெய்வது, நீர் குறைந்த பருவத்தில் எப்பயிரை இடுவது என்று பொதுக்குழுவில் கூடி ஆராய்வோமாக. இல்லாததை எண்ணிக் காலம் போக்குவதினும், இருப்பதற்கேற்ற வேலையைத் தேர்ந்து அதனைத் திறம்படச் செய்வதே சங்கத்திற்கு ஆக்கம் தரும்.